பாடகிக்குத் தொந்தரவு
பல்செட் செய்பவர் வீட்டின் முன்னறையிலேயே பட்டறை வைத்திருந்தார். வேலை நேரத்தில் ஒரு ஜாஸ் பாடகியின் மேடைக் கச்சேரிப் பதிவு தினமும் ஓடும். அவள் குரலைத் தாழ்த்தும் இடம் வந்தால், கையில் யாருடைய பல் இருந்தாலும் சரி, மெருகேற்றும் மோட்டாரை நிறுத்திவிடுவார். கைதட்டல் கேட்ட பிறகுதான் அது மறுபடி இரையும்.

“அவ என்ன இங்கயா நின்னு பாடுறா? எப்பவோ பாடி முடிச்சு வீட்டுக்குப் போயிட்டா. வேலையப் பாருங்க” என்று மனைவி பொரிந்து தள்ளுவாள். அவர் காதில் போட்டுக்கொள்ளமாட்டார்.

ஒரு மழைநாளில் மனைவிக்குச் சளி. அவள் தேநீரோடு முன்னறைக்கு வந்த நேரம் பாடகி குரலைத் தாழ்த்தினாள், மோட்டார் நின்றது. மனைவிக்கு இருமல் முட்டிக்கொண்டு வந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். கதவை மெல்லச் சாத்திவிட்டு, நனைந்தபடியே இருமித் தீர்த்தாள்.

கைதட்டல் கேட்ட பிறகுதான் உள்ளே வந்தாள்.