ஓடிப்போனவனின் சாப்பாடு

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் ஓசூர் சிப்காட்டில், வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆளாக இருந்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டு, லாரி கிளீனர், புரோட்டா கடை, செங்கல் சூளை என்று சுற்றியவன். போன இடமெல்லாம் சினிமாவுக்கென்று ஒரு மர்மக் கதையையும் மனதில் சுமந்துகொண்டு போனேன். ஜமீன் பங்களா, மூன்று கொலை, இரட்டைச் சகோதரிகள். சொல்லி முடிப்பதற்குள் கூட இருப்பவர்கள் தூங்கிவிடுவார்கள்.

அப்போது கெலவரப்பள்ளி அணையில் ஒரு படப்பிடிப்பு நடந்தது. விடுமுறையன்று வேடிக்கை பார்க்கப் போன நான், டீ குடித்துக்கொண்டிருந்த உதவி இயக்குநரைப் பிடித்துக்கொண்டேன். கதையில் சகோதரிகள் வருவதற்குள் அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"எங்க டைரக்டர் ஒரு வரிதான் கேப்பாரு. கேட்டதும் 'யாருய்யா அது?'ன்னு அவர் வாயில வரணும். வந்துட்டா உன்னைச் சேத்துக்குவாரு. அடுத்த ஞாயிறு வா."

பங்களாவை ஒரு வரிக்குள் அடைக்கப் பார்த்தேன். அடங்கவில்லை. கேன்டீன் வரிசையில் நின்றபோதுதான் வேறொன்று தோன்றியது. எங்கள் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆட்கள் சொல்லாமல் ஓடிப்போவது சகஜம். ஆள் ஓடினாலும் கான்ட்ராக்டர் கணக்கிலிருந்து பெயரை எடுக்கமாட்டார்; அவனுக்கான சாப்பாட்டு டோக்கன் மாதக் கடைசி வரை வந்துகொண்டிருக்கும். அதிலிருந்து வரி பிறந்தது: 'காணாமல் போன ஒருவனின் சாப்பாட்டை, கேன்டீனில் தினமும் யாரோ சாப்பிடுகிறார்கள்.'

சாம்பார் ஊற்றுபவனிடம் முதலில் சொல்லிப் பார்த்தேன். கரண்டி அந்தரத்தில் நின்றது. "யாருண்ணா சொன்னது உங்களுக்கு?" என்று கேட்டவன், என் தட்டில் இரண்டு முட்டை வைத்தான். வரி வேலை செய்கிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அடுத்து கேட்டில் நிற்கும் கன்னடக்காரக் காவலாளி. "ஏனப்பா, நான் எடுத்துட்டுப் போறது நாய்க்குப்பா" என்றார். நான் அவரை எதுவுமே கேட்கவில்லை. சூப்பர்வைசர் தனியே கூப்பிட்டு, "வீட்ல விருந்தாளிங்கப்பா, ரெண்டு நாள்தான்" என்றார். அறைத் தோழன் மட்டும் முறைத்தான்.

"டேய், காய்ச்சல்ல படுத்திருந்தப்ப நான் கொண்டாந்து குடுத்த பொட்டலம் எதுன்னு நெனச்ச? ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறயே!"

சனிக்கிழமை கான்ட்ராக்டரே அழைத்தார்.

"மேனேஜ்மென்ட் உன்னை வேவு பாக்க வுட்டிருக்குதா?"

"கதைங்க. சினிமாவுக்கு."

"எங்கிட்டயே கதையா? நாளையிலேருந்து வராத."

ஒரு வரிக்கு வேலை போய்விட்டது. இனி அந்த வரிதான் எனக்குச் சோறு போட வேண்டும். ஞாயிறன்று அணைக்குப் போனேன். இயக்குநர் குடையடியில் உட்கார்ந்திருந்தார். சொன்னேன். குனிந்திருந்தவர் நிமிர்ந்தார்.

"யாருய்யா அது?"

பக்கத்தில் நின்ற உதவி இயக்குநர் எனக்குக் கண்ணடித்தார். அத்தோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். ஒரு வாரமாகச் சேர்ந்த பதில் நெஞ்சை முட்டியது.

"எல்லாருந்தான் சார். சாம்பார்காரன், வாட்ச்மேன், சூப்பர்வைசர்... நானும் தின்னிருக்கேன்."

"கொலை?"

"கொலை இல்லீங்க சார். என் வேலைதான் போச்சு."

அவர் சிரித்த சிரிப்பில் குடையைப் பிடித்திருந்தவரும் சிரித்துவிட்டார். பிறகு வருத்தத்தோடு சொன்னார்: "வரியோட நிறுத்தியிருந்தீன்னா, பதில் தெரியறதுக்காகவே உன்னைக் கூட வெச்சிருந்திருப்பேன். கெடுத்துட்டியேய்யா."

அடுத்த வாரம் கல்லாவி பக்கம் போர் போடும் வண்டியில் ஏறிவிட்டேன். கேட்பவனுக்கு உள்ளுக்குள் குறுகுறுக்கும்படி ஒரு வரி சொல்லிவிட்டால் மீதிக் கதையை அவனே சொல்லிவிடுவான் என்று அந்த ஒரு வாரம் கற்றுக்கொடுத்தது; அதுவரை சும்மா இருப்பதுதான் எனக்கு இன்றுவரை கைவரவில்லை.