அடையாள அட்டையின் குறுக்கே ஒரு வரி

கிருபா அண்ணன் இறந்த செய்தி எனக்கு ஒரு படமாகத்தான் வந்தது. காலையில் ஹட்டன் பஸ்ஸில் நின்றபடி போனைப் பார்த்தேன். தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் யாரோ அவருடைய அடையாள அட்டையின் போட்டோ கொப்பியைப் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். கீழே, ‘கொட்டகலை கொமினிகேஷன் கிருபா காலமானார்’. அதற்குக் கீழே கும்பிடும் கைகள், அழும் முகங்கள். அட்டையின் இலக்கமும் முகவரியும் தெளிவாகத் தெரிந்தன. எனக்கு முதலில் தோன்றியது, ‘ஐயோ, நம்பர் தெரியுதே, அண்ணன் ஏசுவாரே’ என்பதுதான். ஏசுவதற்கு அவர் இல்லை என்பது அடுத்த பஸ் தரிப்பிடம் வந்த பிறகுதான் உறைத்தது.

அவரைத் தெரிந்தவர்களுக்கு அந்தப் படம் ஏன் வந்தது என்று புரியும். அவர் தன்னைப் படம் எடுக்க விடமாட்டார். கல்யாண வீடுகளில் கெமராக்காரர் வரும்போது சாப்பாட்டுப் பந்திக்கு எழுந்து போய்விடுவார். மாரடைப்பில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போனது. மரண அறிவித்தலுக்குப் படம் கேட்டபோது ஜெயந்தி அக்காவிடம், அவருடைய மனைவியிடம், ஒன்றும் இருக்கவில்லை. சின்ன மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க எடுத்த கொப்பிகளில் மிச்சமிருந்த ஒன்றைக் கொடுத்தார். அந்தக் கொப்பியில் முகவரிக்குக் குறுக்கே தொடங்கி, அவருடைய தோளில் முடியும்படி, நீலப் பேனாவால் அவருடைய கையெழுத்து ஓடியது: ‘பாடசாலை அனுமதிக்கு மட்டும்.’

அந்தக் குறுக்கு வரியை வைத்துத்தான் கொட்டகலையில் பாதிப் பேர் அவரைக் கேலி செய்தார்கள். போன் திருத்தி, போட்டோ கொப்பி எடுத்து, கம்ப்யூட்டரும் வாடகைக்கு விடும் அவருடைய கொமினிகேஷன் கடையில் யார் அடையாள அட்டையைக் கொப்பி எடுத்தாலும், கையில் கொடுக்கும் முன் எதற்கு என்று கேட்டு, குறுக்கே எழுதிவிட்டுத்தான் கொடுப்பார். ஒருமுறை தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து நேரே வந்த ஒரு அம்மா சத்தம் போட்டது இன்னும் காதில் இருக்கிறது.

“என்னா தம்பி, புதுக் கொப்பியில கிறுக்குற?”

“கிறுக்கலம்மா. பேங்குக்கு மட்டும்னு எழுதுறேன்.”

“பேங்குலதான குடுக்கப் போறேன். அது அவங்களுக்குத் தெரியாதா?”

“அவங்களுக்குத் தெரியும்மா. கொப்பிக்குத் தெரியணும்ல.”

அந்த அம்மா அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தார். கிறுக்கிய கொப்பி வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்களாம். அண்ணன் காசு வாங்காமல் இன்னொன்று எடுத்தார். அதிலும் எழுதினார், கொஞ்சம் சின்ன எழுத்தில். அதைப் பேங்கில் எடுத்துக்கொண்டார்கள்.

இந்தப் பழக்கத்துக்குக் காரணம் ஒன்று உண்டு. அவருடைய சித்தி மகனின் அடையாள அட்டைக் கொப்பியைக் கொடுத்து யாரோ சிம் வாங்கியிருக்கிறார்கள். அந்த நம்பரிலிருந்து போன மிரட்டல்களுக்காகச் சித்தி மகனைப் பொலிஸுக்குக் கூப்பிட்டார்கள். தான் செய்யாததை நிரூபிக்க அவன் வேலையை விட்டுவிட்டு அலைந்தான். “ஒரு கொப்பி ஒரு வேலைக்குப் போகணும். அங்கேயே செத்துப் போகணும்” என்பார் அண்ணன்.

நான் அந்தக் கடைக்கு முதலில் போனது வாடிக்கையாளராக. எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். படித்து முடித்து வந்து, அம்மா காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போன பிறகு, தோட்டத்து வரிசை வீடான லயத்தில், எங்கள் காலிக் காம்பராவில் உட்கார்ந்திருந்த காலம் அது. ஒரு பின்னேரம் முழுக்க அவருடைய கம்ப்யூட்டரில் என் சுயவிபரக் கோவையைத் தட்டினேன். அடுத்த நாள் ஒரு வரி திருத்தப் போனால் அது இல்லை. அந்தக் கம்ப்யூட்டர்கள் நிறுத்தியவுடன் எல்லாவற்றையும் மறந்துவிடும்படி அவர் செய்து வைத்திருந்தார். சுவரில் அறிவித்தலும் ஒட்டியிருந்தார். கூச்சத்தில் தலையைக் குனிந்தே நுழைந்ததால் நான் அதைப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பதறிப்போய், “சொல்லுங்க தங்கச்சி, நானே அடிச்சுத் தாறேன்” என்று உட்கார்ந்தார். நான் சொல்லச் சொல்ல அடித்தார். இரண்டு வரிக்கு ஒரு பிழை. நான் திருத்திக்கொண்டே இருந்தேன். முடிவில், “எனக்கு மெஷின் தெரியும், எழுத்து வராது. வேல கெடைக்கிற வரைக்கும் இங்க வாறீங்களா?” என்று கேட்டார். விண்ணப்பங்களும் முறைப்பாட்டுக் கடிதங்களும் தட்டும் வேலை. மூன்று வருடம் அங்கே இருந்தேன்.

அந்தக் கம்ப்யூட்டர்களில் ஓடியது, உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று யாரும் திறந்து பார்க்கக்கூடிய லினக்ஸ். கடைக்கு வருபவர்களுக்கு அது பிடிக்காது. வழக்கமான இடத்தில் வழக்கமான பட்டன் இருக்காது. எனக்கும் பிடிக்கவில்லை என்பதை அவரிடமே சொல்லியிருக்கிறேன். அலுவலகங்கள் அனுப்பும் படிவங்கள் அதில் திறந்தால் கட்டங்கள் கலைந்து கிடக்கும். திரும்ப அடுக்கி அடுக்கி எனக்குச் சலித்துவிட்டது. ஒருநாள், “எல்லாரும் பாவிக்கிறதையே போட்டா என்ன அண்ணன்? பக்கத்துக் கடையில சும்மா ஏத்தித் தாறாங்களே” என்று கேட்டேன்.

“காசு இல்ல தங்கச்சி விஷயம். உங்க அம்மா கொழுந்து நிறுக்கும்போது எங்க பாப்பாங்க?”

“தராசைத்தான்.”

“முள்ளை மறைச்சுட்டு, எவ்வளவுன்னு நாங்க சொல்றோம், நம்புங்கன்னா?”

“மலையே ரெண்டாகிடும்.”

“அதான். இது முள்ளு தெரியிற தராசு. எனக்கு அதுல எல்லாம் வாசிக்கத் தெரியாது. ஆனா தெரிஞ்சவன் யாரும் எட்டிப் பாக்கலாம்.”

இதையெல்லாம் சொன்னாலும், கலைந்த படிவத்தைச் சரிசெய்ய அவராலும் முடியவில்லை. கடைசியில் அதைக் கையால் நிரப்பி அனுப்பினோம். இரண்டு பேரும் சிரித்தோம்.

நாட்டு நடப்பு பேச அவருக்கு வாய்த்த ஆள் திரீவீல் சிவா. சவாரி இல்லாத நேரமெல்லாம் கடை வாசலில் மழைக்கு ஒதுங்கி நிற்பார். பெட்ரோல் தட்டுப்பாட்டில், வாகனத்துக்கு இவ்வளவுதான் என்று கியூஆர் வந்த காலத்தில் இருவரும் தினமும் சண்டை. கட்டுப்பாடு வேண்டும் என்பதை அண்ணன் ஒப்புக்கொள்வார். எந்த ஷெட்டில் எப்போது எவ்வளவு அடித்தோம் என்ற விபரம் பிறகு யாரிடம் இருக்கும், எப்போது அழிப்பார்கள் என்று யாரும் கேட்கவில்லையே என்பதுதான் அவருடைய கவலை. சிவா ஒருநாள் எரிச்சலில் கேட்டார்:

“கூலிக்காரன் நமக்கு ஒளிக்க என்னய்யா இருக்கு? லயத்துல ஒரு வீட்டுல இருமினா ஆறு வீட்டுக்குக் கேக்குது. இவரு வந்துட்டாரு, ரகசியம் காக்க!”

“அப்ப உங்க சீட்டுக்கு அடியில என்னாத்துக்குப் பூட்டு?”

“அது ஸ்பேனர் வைக்க.”

“ஸ்பேனர் மட்டுமா?”

சிவா முகத்தைத் திருப்பிக்கொண்டார். கருவாட்டுப் பொட்டலம் போலப் பேப்பரில் சுற்றிய சாராயப் போத்தல் அங்கே இருப்பது ஊருக்கே தெரியும். அண்ணன் சிரிக்காமல் சொன்னார்: “தொரை பங்களாவுக்கு வேலி இருக்கு, கேட் இருக்கு, நாய் இருக்கு. நமக்குக் கூரை வரைக்கும் சுவரே கட்டித் தரல. அதனால நமக்கு அது தேவையில்லன்னு நாமளே நம்பிட்டோம்.”

நான் அன்று வீட்டுக்குப் போய், அடுத்த காம்பராவில் குழந்தை அழுவதைக் கேட்டபடி, கூரைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

பிறகு ஒரு சம்பவம். ஒரு தோட்டத்தில் குடிதண்ணீர்த் தாங்கிக்குள் செத்த குரங்கு கிடந்த படம் இணையத்தில் வந்தது. கூடவே ஒரு கட்டுரை. எழுதியவர் பெயர் இல்லை, ஒரு புனைபெயர். சம்பளம், காணி, தண்ணீர், தேர்தலுக்கு வருபவர்கள் என்று அந்தப் பெயரில் முன்பும் கட்டுரைகள் வந்திருந்தன. உங்களில் பலர் அவற்றைப் பகிர்ந்திருப்பீர்கள். படம் வந்து சில நாட்களில் கடைக்கு ஒருவர் வந்தார். நல்ல ஜெர்க்கின், மெதுவான குரல். படம் இந்தக் கடையிலிருந்து போனதாகக் கேள்விப்பட்டேன், அன்று யார் யார் வந்தார்கள் என்று பார்த்துச் சொல்ல முடியுமா என்றார்.

அண்ணன் கதிரையை இழுத்துப் போட்டார். “நீங்களே பாருங்க சார்.”

அவர் நெடுநேரம் தேடினார். ஒன்றும் இல்லை. “எல்லாத்தையும் அழிச்சிட்டீங்களா?”

“அழிக்கல சார். வைக்கவே இல்ல.”

“சரி, ஆளை ஞாபகம் இருக்குமே?”

“இவ்வளவு பேரு வாறாங்க. மெஷினோட இருந்து இருந்து எனக்கும் மறதி வந்துருச்சு.”

அவர் போன பிறகு நாங்கள் வெற்றி பெற்றதாக எனக்குத் தோன்றவில்லை. அண்ணன் தேநீரைத் தொடாமலே ஆறவிட்டு, அன்று நேரத்தோடு கடையைப் பூட்டினார். அதற்குப் பிறகு அலுவலகங்களிலிருந்து வழக்கமாக வரும் மொத்தக் கொப்பி வேலைகள் நின்றுபோயின. எதிர்ப்பக்கம் ஒரு புதுக் கடை வந்தது. உங்கள் பாஸ்வேர்டை நீங்கள் மறந்தாலும் அவர்கள் எழுதி வைத்திருப்பார்கள். சனம் அங்கே போனது. நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. நாள் முழுக்க மலையில் நின்றுவிட்டு வருபவருக்கு, ஞாபகம் வைத்துக்கொள்ளும் கடைதான் நல்ல கடை. “நாம செய்றது யாருக்கு அண்ணன்?” என்று கேட்டேன். அவர் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “கொப்பி கேட்டு வாறவங்களுக்கு இல்ல தங்கச்சி. ஒருநாள் அந்த ஆள் மாதிரி தேடிக்கிட்டு வருவாங்கள்ல, அந்த நாளைக்கு” என்றார். அந்தப் பதில் அன்று எனக்குப் போதவில்லை. சில மாதங்களில் ஹட்டனில் வேலை கிடைத்துப் போய்விட்டேன்.

இப்போது இந்த நினைவு மலரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கருமாதிக்கு ஒரு சிறு மலர் போட நம் இளைஞர் மன்றம் முடிவு செய்து, அவரோடு வேலை செய்தவள் என்று என்னை எழுதக் கேட்டது. மன்றச் செயலாளர் இன்னொன்றும் கேட்டார். “அந்தப் புனைபெயர்ல எழுதினது கிருபாதான்னு ஊர்ல பேச்சு. நீங்க ஒரு வரி உறுதியா எழுதிட்டீங்கன்னா கட்டுரைகளையும் சேர்த்துப் போட்டுடலாம். மனுஷனுக்கு மரியாதை.” அவர் நல்ல எண்ணத்தில்தான் கேட்டார்.

அவரை மறுப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. கஷ்டம் ஜெயந்தி அக்கா கேட்டபோதுதான். துக்க வீட்டில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர், அருவாமனையை ஒதுக்கி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். அவர் மலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறார். அண்ணனுக்குப் பிறகு வீட்டுக்கு அந்த ஒரு வருமானம்தான்.

“தங்கச்சி, அவரா அது? எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல.”

நான் துருவிய தேங்காயைச் சட்டியில் வழித்துப் போட்டேன்.

“சாகுற வரைக்கும் போன் ஒட்டுற கிருபான்னுதான் சொன்னாங்க. எதிர்க்கடைக்காரன் கார் வாங்கிட்டான், உம் புருஷன் இன்னும் கொப்பியில கிறுக்குறான்னு எங்க அண்ணனே சிரிச்சாரு. இப்பயாவது அவருக்கு ஒரு பேரு வரட்டுமேன்னு இருக்கு. புள்ளைங்க நாளைக்குச் சொல்லிக்கும்ல, எங்கப்பான்னு.”

எனக்கு ஒரு சொல்தான் செலவாகும். ஆம் என்றாலும் இல்லை என்றாலும் ஒரு சொல். அந்தக் கட்டுரைகளில் தண்ணீர்த் தாங்கியைக் காட்டியவர் ஒருவர், சம்பளச் சீட்டைக் காட்டியவர் ஒருவர் இருந்திருப்பார்கள். எழுதியவர் இன்னார் என்று ஆகிவிட்டால், அவர் யாரோடு பழகினார், கடைக்கு யார் வந்தார்கள் என்று அடுத்த கேள்வி போகும். அவர்கள் எல்லாம் உயிரோடு, அதே லயங்களில் இருக்கிறார்கள். நான் அக்காவிடம் இதைத்தான் சொன்னேன்: “அக்கா, அவரா இருந்தாலும், வேற யாரா இருந்தாலும், எழுதினவங்க பேரு வேணாம்னுதான் எழுதியிருக்காங்க. எனக்குத் தெரியும்னும் நான் சொல்ல மாட்டேன். தெரியாதுன்னும் சொல்ல மாட்டேன்.”

அக்காவுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். “அவரு மாதிரியே பேசுற” என்று மட்டும் சொல்லிவிட்டு அருவாமனையை இழுத்துக்கொண்டார். அவர் மன்னித்தாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ஆகவே மன்றத்தார் கேட்ட வரி இந்த மலரில் இல்லை. கட்டுரைகளும் இல்லை. நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவரைப் பற்றி என்னால் எழுத முடிந்தது, அவர் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் செய்தவற்றை மட்டுமே.

கொட்டகலைச் சந்தியில் அவருக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருக்கிறார்கள். அதே அடையாள அட்டை முகம், பெரிதாக. அச்சிட்ட தம்பி கம்ப்யூட்டரில் குறுக்கு வரியை அழித்திருக்கிறான், ஆனால் முழுவதும் போகவில்லை. அண்ணனுடைய தோளின் மேல் நீல மையில் சில எழுத்துக்கள் தப்பியிருக்கின்றன. நேற்று மழையில் பஸ்ஸை விட்டு இறங்கி நின்று வாசித்தேன். ‘மட்டும்’ என்று இருந்தது.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த ஒரு சொல்லைத்தான். ஹட்டன் அலுவலகத்தில் என் மேசைக்கு வரும் ஒவ்வொரு கொப்பியிலும் எதற்கென்று கேட்டுக் குறுக்கே எழுதுகிறேன். அங்கேயும் ஏசுகிறார்கள். இந்தக் கட்டுரையை மன்றத்தாரிடம் கொடுக்கும்போதும் தாளின் குறுக்கே எழுதித்தான் கொடுத்தேன்: கிருபா அண்ணனின் அஞ்சலிக்கு மட்டும்.