தேநீர்க் கடையின் மாடி அறை

சனிக்கிழமை காலைகளில் பக்கத்து வீட்டிலிருந்து தேவாலய மணி கேட்கும். டெக்சாஸில் இருக்கும் இந்தப் பேர்லேண்டில் மணிக்கூண்டு ஏது? காரை விட்டு இறங்கினால் நடக்க இடமில்லாத ஊர். டோரத்தி ஆன்ட்டி கேசட் போட்டிருப்பார். இங்கிலாந்தில் அவர் பிறந்த கிராமத்து மணிகள். ஒன்றின் வாலைப் பிடித்து ஒன்றாய் இறங்கி வரும். கையில் கரண்டியோடு அப்படியே நிற்பேன். பாளையங்கோட்டையில், வெள்ளைக்காரப் பாதிரிமார் கட்டிய எங்கள் கோயிலில் ஒற்றை மணிதான். ஆனாலும் அதே வெண்கலம், அதே நடுக்கம்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் அமெரிக்கச் சிப்பாயைக் கட்டிக்கொண்டு டெக்சாஸ் வந்தவர் ஆன்ட்டி. கணவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம், பிள்ளையில்லை. ஓர் ஆல்பம் இருந்தது. தேன் நிறக் கல்வீடுகள், வைக்கோல் கூரை, வாத்துக் குளம், பெயர் வாசிக்க முடியாதபடி பாசி படர்ந்த கல்லறைகள். மூச்சு விட்டால் கலைந்துவிடும் போல ஓர் அழகு. அதைப் பார்க்க இப்போது பஸ் பஸ்ஸாக ஜனம் வருகிறதாம். ஜன்னலின் நிறத்தைக்கூட மாற்றக் கூடாதென்று சட்டம். ஆட்கள்தான் மாறிவிட்டார்கள். அவர் அப்பாவின் வீடு தேநீர்க் கடையாகிவிட்டது. மாடியில் பயணிகளுக்கு வாடகை அறை.

இந்தக் குளிர்காலத்தில் டாக்டர்கள் கைவிரித்தார்கள். நான் நர்ஸ்; எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பெற்றோர் கல்லறைப் பக்கத்தில் கிடக்க வேண்டும், அது ஒன்றுதான் ஆன்ட்டியின் ஆசை. அந்த ஊர்ப் பாதிரியாரைப் போனில் கேட்டார். ஊரில் குடியிருப்பவர்களுக்கும், ஊர் எல்லைக்குள் இறப்பவர்களுக்கும்தான் அங்கே மண் என்றாராம், மிகுந்த மரியாதையோடு. ஆன்ட்டி அந்த மாடி அறையை எடுத்துவிட்டார். பிறந்த வீட்டுக்கே விருந்தாளியாய், சாவதற்கு.

“டூரிஸ்ட் மாதிரி ரூம் எடுத்துப் படுத்துச் சாகணுமா, ஸ்டெல்லா? இங்க மெடிக்கல் சென்டர் இருக்குல்ல?” என்றார் என் கணவர். பிறகு, “சீசன் வந்தா ரூமைக் காலி பண்ணச் சொல்லிருவானே. அதுக்குள்ள முடிஞ்சிரணுமே” என்றார். வேடிக்கையாகத்தான் தொடங்கினார்.

எங்களுக்கு மட்டும் என்ன வாழ்கிறது? கிரீன் கார்டு வந்த கொஞ்ச நாளில் பாளையங்கோட்டைச் சபைப் பதிவிலிருந்து எங்கள் பெயரை எடுத்துவிட்டார்கள் என்று அண்ணன் சொன்னான். அப்பா அம்மா காலடியில் எங்களுக்கென்று விட்டிருந்த இடத்தில் வேறு யாரோ படுத்திருக்கிறார்கள். இங்கேயோ, ஃப்ரீவே ஓரத்துப் புல்வெளியில் கல்லறைக் கல்லைத் தரையோடு பதித்து, மேலே புல்வெட்டும் வண்டி ஓட்டுகிறார்கள்.

விமான நிலையத்துக்கு நான்தான் டிரைவ் பண்ணினேன். சக்கர நாற்காலியின் முன் குனிந்து கையைப் பிடித்தேன். புறப்படுகிறவர்களிடம் நம் வாயில் எது வருமோ அதுவே வந்துவிட்டது, ஆங்கிலத்தில்: “போய்விட்டு வாருங்கள், ஆன்ட்டி.” சொன்ன பிறகுதான் உறைத்தது.

அவர் கோபிக்கவில்லை. என் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினார்.

“வர மாட்டேன். செத்தால் எனக்கு அங்கே இடம் உண்டு. உன்னை எங்கே வைப்பார்கள், ஸ்டெல்லா?”