நட்சத்திரம் தெரியாதவனுக்கு ஓர் அர்ச்சனை

2009இல் தோர்ண்டன் ஹீத்தில் ஒரு பேக்கரியில் பாண் பொதி செய்யும் வேலை எனக்கு. பக்கத்து மேசையில் ஓர் உஸ்பெக்காரர். என்னைவிட மூத்தவர், ஆனாலும் அங்கே வேலை செய்த மற்றத் தமிழ்ப் பிள்ளைகளிடம் கேட்டுப் பழகி என்னை ‘அக்கா’ என்பார். மிச்சமெல்லாம் அரைகுறை ஆங்கிலம். அவருடைய தம்பி கியூபாவில் அமெரிக்க இராணுவத்தின் சிறையில் பல வருடங்களாகக் கிடந்தான். வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை.

ஒரு நாள், “தம்பியை விடப்போகிறார்களாம், அக்கா” என்றார். முகத்தில் சிரிப்பைக் காணவில்லை. மனுசனுக்குச் சந்தோசப்படவே மறந்துவிட்டது என்று நினைத்தேன். நான் சும்மா இருப்பேனா? அந்த வெள்ளியே கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கினேன். ஐயர் நட்சத்திரம் கேட்டார்.

“தெரியாது ஐயா. உஸ்பெக்கிஸ்தான் ஆள்.”

ஐயர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “சரி, சுவாமியின்ரை பேரிலையே செய்வம். என்ன வேண்டுதல்?”

“கெதியா ஊருக்குப் போய்ச் சேரவேணும்.”

மறுநாள் அர்ச்சனை வாழைப்பழத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து விசயத்தைப் பெருமையாகச் சொன்னேன். அவர் உரித்த பழத்தை அப்படியே மேசையில் வைத்தார்.

“ஊருக்கு அனுப்பினால் அங்கே சிறையில் போட்டு அடித்தே கொல்வார்கள், அக்கா. வேறு எந்த நாடாவது எடுக்காதா என்றுதான் வக்கீல் கெஞ்சித் திரிகிறார்.”

பாண் பையைப் பிடித்தபடி நின்றேன். வேறு யாராவது இப்படிக் கேட்டிருந்தால் தெரியாமல் கேட்டார்கள் எனலாம். நான் யார்? குரொய்டனில் குடிவரவு அதிகாரிக்கு முன்னால், எங்கேயாவது அனுப்புங்கள், ஊருக்கு மட்டும் வேண்டாம் என்று அழுதவள். அந்த வருடம் ஊரில் போர் முடிந்து எங்கள் சனம் முள்ளுக்கம்பிக்குள் அடைபட்டதை டிவியில் பார்த்துச் சோறு இறங்காமல் இருந்தவள். என் கன்னத்தில் நானே அறையலாம் போல இருந்தது.

வேலை முடிந்த கையோடு கோயிலுக்கு ஓடினேன்.

“ஐயா, நேத்துக் கேட்டதை மாத்த ஏலுமோ?”

“ஏன் பிள்ளை, ஆள் ஊருக்குப் போகேல்லையோ?”

“போகக் கூடாது ஐயா. வேறை எங்கையெண்டாலும் போகட்டும்.”

ஐயரும் அகதியாக வந்தவர்தான். உடனே அர்ச்சனைத் தட்டை வாங்கினார்.

சில கிழமைகள் கழித்து ஐரோப்பாவில் ஒரு நாடு தம்பியை எடுத்தது. அண்ணனோ தம்பியோ கண்ணாலும் கண்டிராத நாடு.

“அக்கா, அவன் இனி ஊருக்கே போகமாட்டான்!” அன்றுதான் அந்த மனுசன் வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்தேன்.

இதற்குமா ஒருவருக்கு வாழ்த்துச் சொல்வது என்று திகைத்தபடியே, வாழ்த்துச் சொன்னேன்.