முள்ளுக்குள் போனால் அவுட்

பால்பவுடர் ஆலைக்கு நான் நடந்து போகும் வழியில் ஒரு கிரிக்கெட் மைதானம் காலியாகக் கிடக்கிறது. கேட்டுக்குப் பூட்டு கிடையாது. புல்லை ஒட்ட வெட்டி, நடுவில் பிட்சை உருளை போட்டு உருட்டி, ஓரத்தில் வெள்ளைக் கோடு இழுத்து வைத்திருக்கிறார்கள். ஆனால் புதன்கிழமை மாலைப் பயிற்சியை விட்டால், திங்கள் முதல் வெள்ளி வரை அங்கே ஓர் ஆள் இருக்கமாட்டார், மேய வந்த ஆடுகூட இருக்காது. நியூசிலாந்தின் தென்தீவில் இந்தச் சிறிய ஊருக்கு வந்து இரண்டு வருடம் ஆகியும் இது எனக்குப் பழகவில்லை. ஏதோ துக்கம் விழுந்து எல்லாரும் ஆட்டத்தைப் பாதியில் விட்டுப் போய்விட்டார்களோ என்றுதான் தினமும் தோன்றும். எங்கள் திருச்சுழி பக்கம் இப்படி ஒரு மட்டமான நிலம் சும்மா கிடந்தால், பள்ளிக்கூடம் விட்ட கையோடு நாலு செட்டு பிரிந்து நின்று யாருக்கு முதலில் இடம் என்று சட்டையைப் பிடித்திருப்பார்கள்.

எங்களுக்கு மைதானம் என்பது கண்மாய்தான். தண்ணீர் வற்றினால் ஆட்டம் ஆரம்பம். ஐப்பசியில் மழை பிடித்துக் கண்மாய் நிறைந்தால் ஊரே சந்தோஷப்படும், நாங்கள் மட்டும் கரையில் உட்கார்ந்து எங்கள் பிட்ச் மூழ்குவதைப் பார்த்துக்கொண்டிருப்போம். அதை வெளியில் சொன்னால் செருப்படி விழும். பிறகு பங்குனி வெயிலில் கரிசல் காய்ந்து வெடிக்கும். வெடிப்பில் பட்ட பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று போட்டவனுக்கே தெரியாது. ஒரு பக்கம் சீமைக்கருவேலம் அடர்ந்து கிடக்கும், இன்னொரு பக்கம் அதே மரத்தை வெட்டி அடுக்கிக் கரிமூட்டம் போட்டிருப்பார்கள். ஊர்க்காசு போட்டு வாங்கிய ரப்பர் பந்து முள்ளில் போனால் குத்துப்பட்டுக் காற்று இறங்கிவிடும், மூட்டத்தில் விழுந்தால் நாற்றம்தான் மிஞ்சும். அதனால் எங்கள் கண்மாயில் ஒரு சட்டம் இருந்தது. பந்து முள்ளுக்குள் போனாலும் மூட்டத்தில் விழுந்தாலும் அடித்தவன் அவுட். முள் என்றால் அதோடு விடமாட்டார்கள், அவனேதான் உள்ளே போய்ப் பந்தைத் தேடி எடுத்து வரவேண்டும்.

இந்தச் சட்டத்தில் வளர்ந்தவர்களில் பெரிய கை என் சிநேகிதன் ஜாகிர். அடுத்த தெருக்காரன். அவன் அத்தாவுக்கு அருப்புக்கோட்டைக் கடைவீதியில் ஜவுளிக் கடை. அந்தக் கடை டிவியில்தான் உலகத்தின் மகா கிரிக்கெட்காரர்கள் எல்லாரையும் நாங்கள் தெருவில் நின்று பார்த்தோம். அவர்கள் பெயர்களை இங்கே எழுதமாட்டேன். ஒரு பெயரை எழுதினால் உங்களில் பாதிப்பேர், இன்னொருவர் பெயரை விட்டால் மீதிப்பேர், இதற்கு மேல் படிக்கமாட்டீர்கள். நம் நாட்டு மட்டையாளர், மேற்கிந்தியத் தீவுகளின் வேகக்காரர், இலங்கைச் சுழல்காரர் என்று அவரவர் மனதில் ஒருவர் இருப்பார், அவரையே வைத்துக்கொள்ளுங்கள். யார் சதம் அடித்தாலும் ஜாகிர் ஒரே கேள்விதான் கேட்பான். “அவுக நல்லாத்தான் ஆடுறாக. ஆனா நம்ம கண்மாய்ல வந்து நின்னா எந்தப் பக்கம் அடிப்பாக?” நாங்கள் சிரிப்போம். அவன் சிரிக்காமல் நின்றிருப்பான். அவன் ஆடிய ஆட்டத்தில் பந்து தரையை விட்டு எழும்பி நான் பார்த்த நினைவில்லை.

இங்கே வந்த முதல் வருடம் எனக்கும் என் மனைவி செல்விக்கும் பேச்சுத் துணை என்று யாரும் இல்லை. அவள் காரியாபட்டிக்காரி, சந்தை நாள் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவள். இங்கே பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கையசைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். இரண்டாவது கோடைக்குள் நமக்கென்று நாலு பேர் சேராவிட்டால் ஊருக்கே திரும்பிவிடலாம் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அந்தச் சமயத்தில்தான் ஆலைக்குப் பால் லாரி ஓட்டி வரும் கிரெக் பழக்கமானார். ஊர் கிளப்பின் கேப்டன் அவர்தான். இந்தியாக்காரன் என்றால் கிரிக்கெட் தெரிந்திருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, அணியில் ஓர் இடம் காலி, மூன்று ஆட்டம் ஆடிக் காட்டு, பிறகு பார்க்கலாம் என்றார். நான் மட்டையைத் தொட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. ஆனால் அந்த ஓர் இடத்தில்தான் நாங்கள் இங்கே இருப்பதும் போவதும் இருக்கிறது என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

அவரோடு பேச்சு வளர்க்க மகா கிரிக்கெட்காரர்களைத்தான் பிடித்தேன். இவர்கள் நாட்டின் மிகப் பெரிய வேகப்பந்து வீச்சாளர் ஒருவரைப் பற்றி, நான் ஊரில் சொல்வதுபோல் கையை ஆட்டி ஆட்டிப் புகழ்ந்தேன். கிரெக் தேநீரை உறிஞ்சிவிட்டு, “ஆமாம், மோசமில்லை” என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அந்த மனிதரோடு இவருக்கு ஏதோ பகை போலிருக்கிறது என்று நினைத்து, அதற்குப் பிறகு அந்தப் பெயரையே எடுக்கவில்லை. இந்த ஊரில் தலைக்கு மேல் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறவரைப் பற்றித்தான் அப்படிச் சொல்வார்கள் என்று தெரிய எனக்குப் பல மாதம் ஆயிற்று.

முதல் இரண்டு ஆட்டத்தில் ஏதோ ஒப்பேற்றினேன். மூன்றாவது ஆட்டத்தில்தான் வினை. கடைசி ஜோடியாக நானும் கிரெக்கும் நின்றோம். ஜெயிக்க ஒன்பது ரன் வேண்டும். பந்து கால் பக்கமாகப் பாதியிலேயே குத்தி எழும்பியது, நானும் வாகாகச் சுழற்றிவிட்டேன். பந்து உயரப் போய், மைதானத்தின் ஓரத்தில் மஞ்சள் பூப் பூத்துக் கிடக்கும் ‘கோர்ஸ்’ என்ற முட்புதருக்குள் விழுந்தது. அது முள்ளுக்குள் போனதை என் கண் பார்த்தது, மற்றதெல்லாம் கால்கள் பார்த்துக்கொண்டன. மட்டையைக் கீழே போட்டுவிட்டுப் புதரை நோக்கி நடந்தேன். கையுறையைக் கழற்றிவிட்டுக் குனிந்து உள்ளே நுழைந்தேன். பின்னால் ஏதோ சத்தம் கேட்டது. ஊரிலும் இந்த நேரத்தில் கத்துவார்கள், சீக்கிரம் எடுத்து வாடா என்று. கை கால் எல்லாம் கீறிக்கொண்டு பந்தோடு வெளியே வந்தபோது, நடுவர் இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கியபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கே போனாய் என்றார். அவுட் என்றேன். யார் கொடுத்தது என்றார். எனக்குச் சொல்லத் தெரியாமல் புதரைக் காட்டினேன்.

ஆறு ரன் என்று அவர் சொன்ன பிறகுதான் நான் எந்த நாட்டில் நிற்கிறேன் என்று உறைத்தது. இங்கே புதருக்குள் போன பந்தை யாரும் தேடுவதில்லை. ஒரு பெட்டி நிறையப் பழைய பந்து வைத்திருக்கிறார்கள், அதிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு ஆட்டத்தைத் தொடர்வார்கள். பந்து வீசியவனோ, நான் சிக்ஸர் அடித்துவிட்டுத் தன்னைக் கேலி செய்கிறேன் என்று நினைத்துச் சிவந்துபோய் நின்றான். இன்னும் மூன்று ரன்தான். ஆனால் உள்ளங்கை முழுக்க முள், மட்டையைப் பிடிக்கவே முடியவில்லை. அடுத்த பந்தில் ஸ்டம்பு பறந்தது. தோற்றோம். ஒருவரும் என்னைத் திட்டவில்லை. ஊர் என்றால் நாலு வார்த்தை நாறப் பேசிவிட்டு டீ வாங்கிக் கொடுத்திருப்பார்கள், இங்கே அவரவர் பையை எடுத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார்கள். அவமானமாக இருந்தது. தேநீருக்குக்கூட நிற்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

செல்வி தாலிச் சங்கிலியில் கிடந்த ஊக்கைக் கழற்றி, என் கையை மடியில் வைத்து முள் எடுத்தாள். கடல் தாண்டி வந்தும் உங்களுக்கு முள்ளுக்குள் போகிற புத்தி போகவில்லை என்று முணுமுணுத்தாள். இனி டிக்கெட் போட்டுவிடலாம் என்றேன். அவள் ஊக்கை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“ஏன் உள்ள போனீகன்னு அவுககிட்டச் சொன்னீகளா?”

இல்லை என்றேன்.

“சொல்லாம அவுகளுக்கு எப்படித் தெரியும்? கிறுக்கன்னுதான் நெனப்பாக. புதன்கெழம போயி சொல்லிட்டு வாங்க. அதுக்கப்பறம் ஊருக்குப் போறதப் பத்திப் பேசுவோம்.”

புதன்கிழமை மாலை பயிற்சிக்குப் போனேன். கிரெக்கிடம் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கண்மாயை விளக்கினேன். வறண்ட ஏரிக்குள் கிரிக்கெட் என்பதிலேயே அவருக்குப் புருவம் ஏறியது. ஒரு பக்கம் முள், ஒரு பக்கம் புகையும் கரி, இரண்டிலும் அவுட் என்றதும் மற்றவர்களும் பையை வைத்துவிட்டுக் கிட்டே வந்தார்கள். பிறகு ஒருவன், அப்படியானால் உலகத்தின் தலைசிறந்த சிக்ஸர்காரர்கள் எல்லாம் உங்கள் ஊரில் தேறமாட்டார்களே என்றான். அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. இவர்கள் ஆளுக்கு ஆள் மனதில் வைத்திருந்த மகா வீரர்களை ஒவ்வொருவராகக் கண்மாய்க்குக் கூட்டி வந்து முள்ளுக்குள் அனுப்பினார்கள். தரையோடு அடிப்பதில் பெயர் எடுத்த பழங்காலத்து ஆஸ்திரேலியர் ஒருவர்தான் கடைசி வரை அவுட்டாகாமல் நின்றார். பக்கத்து நாட்டுக்காரரை ஒப்புக்கொள்ள இவர்களுக்கு வாய் வரவில்லை. இரண்டு வருடத்தில் இந்த ஊர்க்காரர்கள் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அன்று பயிற்சியையே கண்மாய்ச் சட்டத்தில் வைத்தார் கிரெக். புதருக்குள் போனால் அவுட், அடித்தவனே எடுக்கவேண்டும். முதலில் உள்ளே போனவரும் அவர்தான். கையில் முள்ளோடு வெளியே வந்து, இதில் எப்படித்தான் ஒருவன் ரன் எடுப்பான் என்று கேட்டார். எடுத்தவனைக் காட்டுகிறேன் என்று ஜாகிருக்கு வீடியோவில் போன் போட்டேன். பல வருடம் ஷார்ஜாவில் இருந்துவிட்டுத் திரும்பி, இப்போது அத்தாவின் கடையை அவன்தான் பார்க்கிறான். அங்கே காலை நேரம், அப்போதுதான் கடை திறந்து முதல் வியாபாரத்துக்கு உட்கார்ந்திருந்தான். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்சம் கூச்சப்பட்டான்.

“ஏலே, அவ்வளவு பெரிய ஆளுகளப் பத்திப் பேசுற எடத்துல என்னையவா சொன்ன?”

பிறகு போனைத் துணிக்கட்டில் சாய்த்து வைத்தான். துணி அளக்கும் மீட்டர் கம்பியை எடுத்து, கடைக்கு நடுவில் காலை அகட்டி நின்றான். சேலை பார்க்க வந்த இரண்டு அம்மாக்கள் பயந்து ஒதுங்கியதும் தெரிந்தது. தலையைத் தூக்காமல், முழங்கையை உயர்த்தி, கம்பியை நேராக இறக்கினான். வயிறு போட்டிருந்தது, தாடி நரைத்திருந்தது, ஆனால் அந்த இறக்கம் மட்டும் அப்படியே இருந்தது.

“பந்து நம்மகிட்ட வரட்டும்னு நிக்கணும். கீழ வந்தப்பறம் தொட்டாப் போதும், அதுவா ஓடிரும்னு சொல்லு” என்றான்.

நான் மொழிபெயர்த்தேன். கிரெக் இன்னொரு தரம் காட்டச் சொல்லிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார், “மோசமில்லை.” அதையும் மொழிபெயர்த்துவிட்டேன். ஜாகிர் முகம் விழுந்துவிட்டது, அவ்வளவுதானா என்றான். இவர்கள் நாட்டின் மிகப் பெரிய வீரரைப் பற்றியும் இவர் வாயிலிருந்து இதுதான் வந்தது, இதற்கு மேல் இந்த ஊரில் வார்த்தை கிடையாது என்று சொன்னேன். அவன் கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, கண்மாய் நிறைந்து கிடக்கிறது, பிட்ச் இருந்த இடத்தில் கொக்கு நிற்கிறது என்று பேச்சை மாற்றினான்.

அப்போதுதான் எனக்குப் பட்டது. அங்கே கண்மாய் நிறைந்திருக்கும் மாதங்களில்தான் இங்கே கோடை. இங்கே குளிரும் மழையும் மைதானத்தை மூடும்போது அங்கே கரிசல் காய்ந்து ஆட்டம் தொடங்கிவிடும். எந்த மாதத்தை எடுத்தாலும் என் இரண்டு மைதானங்களில் ஒன்றில் ஆட்டம் நடக்கிறது, மற்றொன்று காத்துக் கிடக்கிறது.

அடுத்த சனிக்கிழமை அணியில் என் பெயர் இருந்தது. கிரெக் ஒன்றும் விளக்கவில்லை, என்னைப் புதர் ஓரத்தில் நிறுத்தினார், அவ்வளவுதான். செல்வி தட்டு நிறைய உளுந்தவடையோடு வந்து உட்கார்ந்திருந்தாள். வடை தீர்வதற்குள் அவளைச் சுற்றி நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள். டிக்கெட் பேச்சை அதற்குப் பிறகு இரண்டு பேரும் எடுக்கவில்லை.

ஆட்டத்தின் நடுவில் எதிரணிக்காரன் ஒருவன் என் தலைக்கு மேல் தூக்கி அடித்தான். பந்து புதருக்குள் போனது. நடுவர் பழக்கப்படி பந்துப் பெட்டிக்குக் கை காட்டினார். என் கால்கள் அதற்குள் முள்ளுக்குள் போய்விட்டன. பின்னால் சருகு மிதிபடும் சத்தம் கேட்டுத் திரும்பினால், கிரெக் குனிந்து என் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். இரண்டு பேரும் மண்டியிட்டுத் துழாவினோம். அவர் கையில் அந்தப் பந்து கிடைத்தது. என் கையில் வேறொன்று கிடைத்தது. எந்தக் காலத்தில் யார் அடித்த சிக்ஸரோ, ஒரு பாதி சிவப்பாகவும் மறுபாதி பாசி பிடித்துப் பச்சையாகவும் இருந்தது. யாரும் தேடாமல் அத்தனை காலம் அங்கே கிடந்திருக்கிறது.

அதைக் கழுவாமல் சன்னலில் வைத்திருக்கிறேன். ஆனி மாதம் ஊருக்குப் போகும்போது கொண்டுபோய் ஜாகிரிடம் கொடுக்கவேண்டும். கண்மாய் அப்போது காய்ந்திருக்கும். முதல் ஓவரிலேயே யாராவது அதை முள்ளுக்குள் அடித்துவிடுவார்கள், எனக்குத் தெரியும். அங்கே தேடிப்போக ஆள் உண்டு. இங்கேயும் இப்போது இரண்டு பேர் இருக்கிறோம்.