தஞ்சோங் ரம்புத்தான் டாக்டர்

கொரோனாவுக்காக மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்த மூன்றாம் வாரம் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். இடுப்பெலும்பு முறிந்தது. ஈப்போவில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். மனைவி சரசுவால் ஆம்புலன்ஸ் கதவு வரைதான் வர முடிந்தது. அதற்கப்புறம் யாருக்கும் அனுமதி இல்லை.

பீடோர் பக்கம் ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தவன் நான். எண்ணாமல் இருக்கத் தெரியாது. தலைக்கு மேலே இருபத்தெட்டு சதுரப் பலகைகள், மூன்றில் ஈரக் கறை. அறுவை சிகிச்சை தள்ளிப்போனது. மறுபடியும் தள்ளிப்போனது. தொற்று நோயாளிகளைப் பார்க்கவே ஆள் போதவில்லையாம். எலும்பு முறிந்த கிழவன் காத்திருக்கலாம், செத்தா போய்விடுவான்?

எனக்குச் செத்தால் தேவலாம் போல இருந்தது.

நம் தோட்டத்து மாரியம்மனிடம் கேட்டேன். ரப்பர் போய் எண்ணெய்ச் செம்பனை வந்துவிட்டது, கோயில் மட்டும் நடுவில் நிற்கிறது. "ஆத்தா, பழையபடி நடக்க வை. இல்லையென்றால் எடுத்துக்கொள்." இந்த இரண்டுதான். வேறெதுவும் கேட்கவில்லை.

சோறு இறங்கவில்லை. சரசு கூப்பிட்டால் போனை எடுக்கவில்லை. கோயில் கமிட்டியிலிருந்து ஒருவரும் கூப்பிடவில்லை. திருவிழா அழைப்பிதழில் எழுத்துப்பிழை பார்க்க மட்டும்தான் நான் வேண்டும்.

தொடாத சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துவிட்டு, மனநல டாக்டரை அனுப்புவதாக நர்ஸுகள் சொன்னார்கள். கத்தி விரட்டிவிட்டேன். பேராக்கில் மனநல மருத்துவமனை இருக்கும் ஊர் தஞ்சோங் ரம்புத்தான். நமக்கு அது ஊர்ப்பெயரா? வசவு.

பக்கத்துக் கட்டிலில் முனியாண்டி. தெலுக் இந்தான் லோரி டிரைவர், இரண்டு காலும் முறிந்தவன்.

"என்னா வாத்தியாரண்ணே, இப்படி விரட்டுறீங்க?"

"என்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பப் பாக்குறாங்கடா."

"அங்க பஸ் போனா மொதல்ல நான்தான் ஏறணும். நேத்து அந்த டாக்டர்கிட்ட அழுது தீத்துட்டேன். நீங்க குறட்டை விட்டுக்கிட்டு இருந்தீங்க."

"நீயா?"

"ஏன், லோரி ஓட்டுறவன் அழக்கூடாதா? அழுதப்புறம்தான் பசியே வந்துச்சு. உங்க தட்டுல இருந்த மீனையும் நான்தான் தின்னேன். கோவிச்சுக்காதீங்க."

விழுந்த நாளுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தேன்.

மறுநாள் அந்த டாக்டர் வந்தார். மலாய்ப் பெண். உடம்பெல்லாம் பிளாஸ்டிக் அங்கி, கண் மட்டும் தெரிந்தது. "நாள் முழுக்க என்ன நினைக்கிறீங்க, பாக்சிக்?" என்று, மாமா முறை வைத்து, மலாயில் கேட்டார். பலகைக் கணக்கைச் சொன்னேன். பிறகு ஆத்தாவிடம் கேட்ட இரண்டையும் சொன்னேன். இரண்டாவதைச் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அவர் அவசரப்படவில்லை. "நாளைக்கும் வரட்டுமா?" என்றார். மாத்திரையும் கொடுத்தார்.

அன்று மாலை சரசுவின் அழைப்பை எடுத்தேன். "உயிரோடதான் இருக்கீங்களா?" என்று திட்டிக்கொண்டே அழுதாள்.

எல்லாம் சுகமாக முடிந்தது என்று எழுத மாட்டேன். அறுவை சிகிச்சை தாமதமாகத்தான் நடந்தது. ஒரு கால் குட்டையாகிவிட்டது. முனியாண்டிக்குக் காய்ச்சல் வந்து வேறு வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவன் பிழைத்தானா என்று இன்றுவரை தெரியாது. அவனுக்கும் சேர்த்துத்தான் விளக்கேற்றுகிறேன்.

கேட்ட இரண்டில் ஒன்றையும் ஆத்தா தரவில்லை. என் வாயைத் திறக்க வைத்தாள். அதனால்தான் இதை எழுத நான் இருக்கிறேன். அவளிடம் கேளுங்கள். அவள் யாரை அனுப்பினாலும் விரட்டாதீர்கள்.

போன மாதம் கோயிலில் கமிட்டித் தலைவர் எல்லார் முன்னாலும் கேட்டார்: "மாசாமாசம் ஈப்போவுக்கு எங்க போறீங்க, வாத்தியாரே?"

"தஞ்சோங் ரம்புத்தான் டாக்டரைப் பாக்க. துணைக்கு வாரீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவர்தான் சத்தமாகச் சிரித்தார்.

அன்று மாலை அவரே போன் செய்தார். குரல் தாழ்ந்திருந்தது. "வாத்தியாரே, அடுத்த தடவை போறப்ப, வண்டியில எடம் இருக்குமா?"