பூசையில் இருந்த செம்புப் பட்டை

நாற்பதுகளின் நடுவில், புதுக்கோட்டையிலிருந்து அரிமளம் போகும் சாலையில் எங்களுக்கு ஒரு நெல் அரவை மில் இருந்தது. எனக்குக் கல்யாணமாகி வந்த முதல் ஆயுத பூசை அது.

முதல் நாளே மில் முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். மின்சார மோட்டாரையும் விட்டுவைக்கவில்லை. அதன் காலடியிலிருந்து ஒரு செம்புப் பட்டை வெளியே போய் மண்ணுக்குள் இறங்கும். அது கறுத்துக் கிடந்தது என் மாமியாருக்குப் பொறுக்கவில்லை. செம்பு என்றால் புளி போட்டுத் துலக்காமல் விடமாட்டார். ஆளை விட்டுக் கழற்றச் சொல்லி, பளபளவென்று துலக்கி, ஸ்பானர், சுத்தியலோடு அதையும் சாமி படத்தின் முன் வைத்துக் குங்குமம் இட்டார். அது எதற்கு இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

சூடம் காட்டியதும் மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிடுவது வழக்கம். என் கணவர் வாசலோரம் இருந்த சுவிட்சைப் போட்டுவிட்டு, ஈரத் தரையில் வெறுங்காலோடு மோட்டாரிடம் போனார். அதற்குப் போட்டிருந்த சாமந்தி மாலை சரிந்தது. பெல்ட்டில் சிக்கிவிடுமே என்று பிடிக்கப் போனவரின் கை மோட்டாரிலேயே ஒட்டிக்கொண்டது. வாய் கோணியது, சத்தம் வரவில்லை.

மாமியார் மகனை இழுக்க ஓடினார். நான் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். பெண்கள் அதைத் தொடக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. பெல்ட்டில் கை மாட்டிக்கொண்டது என்றுதான் நினைத்தேன். மின்சாரம் என்று தோன்றவே இல்லை. கைப்பிடியைக் கீழே இழுத்தேன். அவர் தொப்பென்று விழுந்தார். மாமியாரின் கை அவரைத் தொட ஒரு முழம்தான் பாக்கி இருந்தது.

சுவிட்சைத் தொட்டதற்கு யாரும் என்னைத் திட்டவில்லை. அந்த வீட்டில் அதுவே பெரிய பாராட்டு.

டவுனிலிருந்து வந்த எலக்ட்ரீஷியன், மோட்டாருக்குள் ஈரம் இறங்கி மேல் இரும்பு முழுக்க மின்சாரம் வந்துவிட்டது என்றார். பட்டை இருந்திருந்தால் அந்த மின்சாரம் மண்ணுக்குள் பாய்ந்து, அந்த வேகத்திலேயே பியூஸ் போயிருக்குமாம். உடனே பட்டையை மாட்ட வேண்டும் என்றார்.

"பூசையில வச்சதை மறுபூசை ஆகாம எடுக்கக் கூடாதுங்க" என்றார் மாமியார்.

பாயில் படுத்திருந்த என் கணவர் மெதுவாகச் சொன்னார்: "அது அங்கிட்டு இருக்க வேண்டியது, ஆத்தா. இங்கிட்டு வந்ததாலதான் நான் விழுந்தேன்."

மாமியார் தானே எழுந்து போய், அதை எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த வருடத்திலிருந்து எல்லாச் சாமானும் சாமியிடம் வரும்; பட்டைக்கு மட்டும் இருக்கும் இடத்திலேயே குங்குமம். இருந்தவரை மாமியார்தான் குனிந்து இடுவார். சும்மா கிடக்கிறது என்று எதையாவது எடுத்துப்போடக் கை நீளும்போதெல்லாம், எனக்கு அன்றைய அந்த ஒரு முழத் தூரம்தான் கண்ணில் நிற்கிறது.